டெரிக்குச் சேர வேண்டியது

ரயில் தாமதமானால் எனக்குக் கோபம் வராது, மேடம். வழியில் நின்றுபோன ரயிலில் பெருமூச்சு விடுகிறவர்களையும், பக்கத்தில் இருப்பவரிடம் புலம்புகிறவர்களையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். புலம்பி என்ன ஆகப்போகிறது? கால் மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் கால் பங்கு, அரை மணி என்றால் பாதி, ஒரு மணி என்றால் முழுசும் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. படிவத்தை நிரப்பி அனுப்பினால் பணம் வந்துவிடும். உங்களுக்கும் வர வேண்டியது இருக்கலாம். நீங்கள் எந்தத் தடத்தில் வருகிறீர்கள்? சரி, அது இப்போது வேண்டாம்.

லண்டனிலிருந்து மார்ஃபீல்ட் போகும் மாலை ரயிலில், கடைசிப் பெட்டியில், மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் உட்காருவோம். ஹேசல் பள்ளி ஆசிரியை. டெரி பெயின்ட் கம்பெனியில் விற்பனைக்காரன். நான் வங்கியில், வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் பிரிவில். அந்தப் பெட்டியில் பாதிப் பேருக்கு நஷ்டஈட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். அதனால் டெரி எனக்கு ‘மந்திரி’ என்று பெயர் வைத்திருந்தான். ரயில் இருபத்தெட்டு நிமிடம் பிந்தி ஊரை நெருங்கும்போது, “மந்திரி, இன்னும் ரெண்டு நிமிஷம் இழுக்கச் சொல்லுப்பா, இல்லாட்டி பாதிக் காசு போயிடும்” என்பான். பெட்டியே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவனை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள்.

டெரிக்குப் படிவம் என்றால் எட்டிக்காய். எந்தெந்த நாள் தாமதம் என்று வாயால் சொல்லிவிடுவான். என் கணக்கின் வழியாக, அவனுடைய சீசன் டிக்கெட் எண்ணைப் போட்டு நான் அனுப்பிவிடுவேன். அவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். நம்பியது தவறு என்றால் அந்த ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் ரயில் கம்பெனியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் அனுப்பிய கோரிக்கைகளில் பல, பயணமே செய்யாத நாட்களுக்கானவையாம். அந்த நாட்களில் டெரியின் டிக்கெட் எந்த நிலையத்தின் தானியங்கி வாயிலையும் திறக்கவில்லையாம். என் கணக்கை முடக்கிவிட்டார்கள். தக்க விளக்கம் வராவிட்டால் மோசடி வழக்கு என்று எழுதியிருந்தார்கள். திங்களும் வெள்ளியும் டெரி வீட்டிலிருந்தே வேலை பார்த்திருக்கிறான், மேடம். மனைவி மாரியன் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, சோபாவில் படுத்துக்கொண்டு, எந்த ரயில் பிந்தியது என்று போனில் பார்த்து எனக்குச் சொல்லியிருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எங்கள் பிரிவில் நாணயத்தைப் பற்றி ஒரு புகார் வந்தால் போதும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நானே இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. லயனல் ஒரு பைசா ஏமாற்றமாட்டான் என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. செய்யாத ஒன்றுக்காக வெட்கப்படுவது எவ்வளவு கேவலம் என்று அன்றுதான் தெரிந்தது.

டெரியிடம் நான் கேட்டது ஒரே ஒரு வரி. நாட்களைச் சொன்னது நான், லயனலுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் முதுகில் தட்டினான். “அட விடுப்பா. ரயில்காரன் நம்மகிட்ட அடிக்காத கொள்ளையா? சும்மா பூச்சாண்டி காட்டறான்.” அடுத்த வாரம் எழுதுகிறேன் என்றான். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான். அதற்குள் அவனுடைய சீசன் டிக்கெட் முடிந்தது. அதைப் புதுப்பிக்காமல் தினம் பேர் பதிவாகாத காகித டிக்கெட் வாங்கத் தொடங்கினான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நான் பதில் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தின மாலை அது. ஊரெல்லாம் அனலாய்க் கொதித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். சிக்னல் பழுதாகி, வயல்களுக்கு நடுவே ரயில் நின்றுவிட்டது. எங்கள் பெட்டியில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. முன்பெட்டிகளில் வேலை செய்கிறது, அங்கே போகலாம் என்று கார்டு அறிவித்தார். எல்லோரும் எழுந்து போனார்கள். டெரிக்கு முகம் வேர்த்து வெளுத்திருந்தது, நடக்க முடியவில்லை என்றான். ஹேசல் தயங்கி நின்றாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் போனபின் டெரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இதய வலி உண்டு. நாக்கின் அடியில் அடித்துக்கொள்ளும் மருந்து எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். கோட்டு என் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது.

“மந்திரி, அந்தக் கோட்டக் கொஞ்சம் எடு.”

எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டேன். என் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அந்த வரியை நானே எழுதி வைத்திருந்தேன், அவன் சிரமப்பட வேண்டாம் என்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“போடறேன்ப்பா, சத்தியமாப் போடறேன். மொதல்ல மருந்தக் குடு.”

“மொதல்ல போடு, டெரி. எத்தன தடவ போடறேன்னு சொல்லியிருக்க.”

நான் குரலை உயர்த்தவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். மருந்து கையில் வந்ததும் எழுந்து சிரிப்பான், முதுகில் தட்டுவான், அடுத்த வாரம் என்பான். அவன் பேனாவை எடுத்தான். தாளில் ஒரு கோடு இழுத்தான், அது மேசை விளிம்புவரை போய்விட்டது. இது செல்லாது என்று சொல்லி வேறு தாள் வைத்தேன். என்னைப் பார்த்தான். அப்போது அவன் என்னை மந்திரி என்று கூப்பிடவில்லை.

“லயனல். மாரியன் ஸ்டேஷன்ல நிப்பா.”

கதவருகே அபாயக் கைப்பிடி இருந்தது. இழுத்தால் கார்டு ஓடி வந்திருப்பார். அது எனக்குத் தெரியும். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் இழுக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தாளில் அவன் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை ஜன்னலில் சாய்ந்தது. தூங்குகிறவன் போலவே இருந்தான். எனக்கு அழுகை வந்தது, மேடம். மறுநாள் நான் எதை அனுப்புவேன்?

ரயில் அசைந்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிந்தியிருந்தது. கோட்டை மறுபடி கொக்கியில் மாட்டினேன். அவன் பர்ஸிலிருந்து டிக்கெட்டை மட்டும் எடுத்தேன். அதில் நோட்டுகள் இருந்தன. ஒன்றைக்கூடத் தொடவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்பெட்டிக்குப் போனேன். டெரி தேவலையா என்று ஹேசல் கேட்டாள். கண்ணயர்ந்துவிட்டான், ஊர் வந்ததும் நானே எழுப்புகிறேன் என்றேன்; அவள் முந்தின நிலையத்திலேயே இறங்கிவிட்டாள். மார்ஃபீல்டில் இறங்கி, வாசலில் காத்திருந்த மாரியனுக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மார்ஃபீல்டைத் தாண்டி ரயில் போய்ச் சேரும் கடற்கரை முனையத்தில் பெட்டியைச் சுத்தம் செய்ய வந்தவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள்.

நல்ல உடம்போடுதான் விட்டுவந்தேன் என்று உங்கள் ஆட்களிடம் அன்று சொன்னேன். அது பொய். அடக்கத்துக்குப் போனேன், மாரியனின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. டெரியின் பெயருக்கு ரயில் கம்பெனி அனுப்பிய கடிதத்தை மாரியன் பிரித்திராவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். உங்கள் கோரிக்கையும் டிக்கெட்டும் கிடைத்தன, நன்றி என்று அதில் இருந்ததாம். இறந்தவன் எப்படி அனுப்பினான் என்று அவள் கேட்க, என் கணக்கு முடங்கியதால் நான் கையால் நிரப்பித் தபாலில் அனுப்பிய படிவத்தை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் என் கிறிஸ்துமஸ் வாழ்த்து அவள் வீட்டுக்குப் போகிறதே, கையெழுத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

டிக்கெட்டை டெரியே கொடுத்தான் என்றுகூட முதலில் சொல்லிப் பார்த்தேன். ஊரில் வாயிலைத் தாண்ட அந்த டிக்கெட் வேண்டும், உயிரோடு இருப்பவன் அதைக் கொடுத்திருக்கமாட்டான் என்று நீங்கள் சொன்னீர்கள். கெட்டிக்காரத்தனமான வாதம். என் பிரிவில் இருந்திருக்க வேண்டியவர் நீங்கள்.

ஆமாம், மருந்தை நான்தான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். போதுமா? ஆனால் நேற்றிலிருந்து நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. டெரிக்காக நான் அனுப்பியது பொய்க் கோரிக்கை, இறந்துபோனவன் ஊர் வந்து சேரவே இல்லை என்கிறீர்கள். வாழ்நாளில் நான் பொய்க் கோரிக்கை அனுப்பியதில்லை. ரயில் மார்ஃபீல்டில் நின்றது, கதவு திறந்தது, அவன் அதில் இருந்தான். இறங்குவதும் இறங்காததும் பயணியின் பொறுப்பு.