வெள்ளைச் சுவரில் வராத பறவை

விருத்தாசலத்து வெயிலைத் திட்டுகிறவர்கள் அதை ஒருநாளாவது வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் பீங்கான் பட்டறையில் பொம்மை காய்வதே அதன் தயவில்தான்.

அறுபத்தெட்டாம் வருடப் பொங்கல் கண்காட்சிக்கு முற்றத்தில் அறுபது கண்ணாடிகளை நிறுத்தினோம். ஒவ்வொன்றும் முழ உயரம். கீழே திருப்பக்கூடிய சுட்டமண் தாங்கி. வருகிறவர்கள் ஆளுக்கொன்றைத் தாங்கியில் போட்ட சிவப்புக் கோடு வரை திருப்ப வேண்டும். அறுபதும் திரும்பினால் எதிரே வெள்ளை ஓடு பதித்த சுவரில் வெளிச்சத்தாலான பறவை சிறகு விரிக்கும். பலகையில் 'ஆக்கம்: மேஸ்திரி சக்கரபாணி' என்று எழுதி வைத்தேன்.

சூளைக்கு நெருப்புப் போடும் ஞானதாஸ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ரெண்டு வருசமா நான் மண்டைய ஒடைச்சிக்கினேன், பேரு ஒங்களுக்குப் பூத்துருக்குது. நல்லா இருக்குதுங்க மேஸ்திரி. கலெக்டரு வரட்டும், நானே வெளக்கிச் சொல்லிடுறேன்."

"சொல்லுப்பா" என்றேன். நான் யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை.

இரவெல்லாம் சூளை எரிப்பவன் பகலில் தூங்கத்தானே வேண்டும். சுவரை ஒட்டிய கொட்டகையில், கோப்பைகளைப் பொதிய வைத்திருக்கும் வைக்கோல்மேல் படுப்பான். கலெக்டர் வந்ததும் எழுப்பச் சொல்லியிருந்தான்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் பதினொரு மணி வெயிலில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பழைய கோடுகளை அழித்துப் புதிதாக வரைந்து, மறுபடி விலக்கி வைத்தேன். இனி கோடு வரை திருப்பினால் அறுபதும் பார்ப்பது கொட்டகையின் கம்பிச் சன்னலை.

மறுநாள் அதே நேரம். கூட்டம் சிரித்துக்கொண்டே திருப்பியது. மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டார்: "ஏங்க, பறவையக் காணுமே?"

"கொஞ்சம் பொறுங்கம்மா, வரும்."

புகை வந்தது. பிறகு உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். கதவு காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாதென்று வெளிக்கொண்டியை மாட்டியிருந்தேன். அன்று காற்றே இல்லை. நான் கலெக்டரின் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். யாரோ ஓடிப்போய்க் கொண்டியை எடுப்பதற்குள் கூரை இறங்கிவிட்டது.

திருப்பிய அறுபது பேருக்கும் ஒன்றும் தெரியாது, அவர்களை விட்டுவிடுங்கள். கொன்றது நான். அதில் மறுப்பில்லை. ஆனால் வாக்குமூலத்தின் மூன்றாவது வரியில் 'ஞானதாஸ் செய்த கண்ணாடிகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பேரைப் போடுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன்.