மொட்டைமாடியில் பெண்ணின் தம்பி

வில்லியனூரில் பாகூர் பேருந்து ஏறினேன். முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் ட்ரோன் படம் போட்ட பெட்டி இருந்தது. அவர் சொன்ன ஒரு வரியில் என் தூக்கம் போய்விட்டது.

"அக்கா கல்யாணத்துல நான் ட்ரோனுக்கு விசிறிகினு இருந்தேன்டா."

"இன்னாடா சொல்ற?"

"மாப்பிள்ள ஊர்வலத்த நான்தான் ட்ரோன்ல எடுத்தேன். தாலி கட்டுறதுக்குள்ள ஸ்டேட்டஸ் வெக்கணுமே! மண்டபத்து மொட்டமாடில குந்திகினு, வைஃபைல வீடியோவ போனுக்கு ஏத்திகினு இருந்தேன். பறக்காம ஆன்லயே கெடந்தா ட்ரோன் சூடாயிடும். அதான், தாம்பூலப் பையால விசிறல். கீழ ஓமப் புகையில மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது, அவருக்கு விசிற ஆளில்ல."

"கீழ எறங்கி வர்றதுதான?"

"ட்ரோன வுட்டு நகந்தா வைஃபை கட்டாயிடும். எண்பது பர்சென்ட் வந்துடுச்சு, எப்டிடா வர்றது?"

"பொண்ணு கையில பொரி போட தம்பி வேணுமே?"

"ஐயரு மைக்குலயே கூப்டாராம். மேளச் சத்தத்துல எனக்குக் கேக்கல."

"போன் பண்ணியிருப்பாங்களே?"

"நடுவுல கால் வந்தா ஏத்துறது நின்னுடும்னு ஃப்ளைட் மோடுல போட்டு, வைஃபை மட்டும் ஆன்ல வெச்சிருந்தேன். அவ்ளோ அறிவாளி நானு. கடைசில சித்தப்பா பையன் பொரி போட்டுட்டான்."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அக்கா இன்னா சொல்லிச்சு?"

"ஒரு வாரம் பேசல. அப்புறம் சொல்லிச்சு, 'உன்னத் தேட ட்ரோன் வுடலாம்னு பாத்தோம். அதுவும் உங்கிட்டதான் இருந்துச்சு'ன்னு."