நாலாவது கார்டு

சாயங்காலம் அஞ்சேகால். ஜமுனாமரத்தூர் தாண்டி, மலை உச்சிக்கு ஏறுகிற ஜீப் பாதை. பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனிமூட்டம்... என் சிநேகிதி ஜெயசுதாவின் அக்கா வெண்ணிலா, கம்ப்யூட்டர் இன்ஜினியர், தனியாக வண்டி ஓட்டிப் போனாள். பயமெல்லாம் இல்லை. கோபம். பல்லைக் கடித்தபடியே ஏறினாள்.

உச்சியில் ஒரு சின்ன அறை. அதில் மழை எச்சரிக்கை அனுப்பும் கம்ப்யூட்டர். நாலு பிராசஸர் கார்டு. ஓடும்போதே கழற்றலாம், மாட்டலாம். நாலாவது கார்டு லூஸ். மெஷின் அணைந்து மறுபடி எழுகிற ரீபூட் நேரத்தில், அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் ஒவ்வொரு பிராசஸராக நிறுத்திக்கொண்டே வரும். அந்த நேரம் பார்த்து 'புதுசா வந்துட்டேன்' என்று அந்த லூஸ் கார்டு தகவல் கொடுக்கும். மெஷின் குழம்பி அப்படியே நின்றுவிடும். யாராவது மலையேறிப் போய் பட்டனை அமுக்க வேண்டும்.

அதுவரை அப்படி ஏறிக்கொண்டிருந்தவன் சதீஸ்குமார். புதூர்நாட்டுக்காரன், ரெண்டு குழந்தைக்குத் தகப்பன். ரீபூட் நேரத்தில் அப்படி வரும் தகவலைக் கெர்னல் மறுத்துவிட வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதி, மூன்று மாதம் முன்பே வெண்ணிலா கொடுத்தாள். மேலாளர் புருஷோத்தமன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா அவசரம்? அதான் சதீஸ் போறானே."

போனான். ஐப்பசி மழை... கொண்டையூசி வளைவு... பைக்கோடு பள்ளத்தில் செத்துக் கிடந்தான். 'அவருடைய கவனக்குறைவு' என்று கம்பெனி எழுதி முடித்தது.

வெண்ணிலா நாலாவது கார்டைப் பிடுங்கி மேஜைமேல் எறிந்தாள். யாரையும் கேட்காமல், தன் திருத்தம் சேர்த்த புது கெர்னலை ஏற்றினாள். சோதித்துப் பார்க்க ரீபூட் கொடுத்தாள்.

ஒவ்வொரு பிராசஸராக அடங்கியது. திரையில் ஒரு வரி.

நாலாவது பிராசஸர் வந்திருக்கிறது. மறுக்கப்பட்டது.

காலி இடத்தைப் பார்த்தாள். கார்டு மேஜைமேல்தான் கிடந்தது.

டிக்... மறுபடி வந்திருக்கிறது. மறுக்கப்பட்டது. டிக்... மறுக்கப்பட்டது. டிக்... டிக்... டிக்... அறை முழுக்கப் பெட்ரோல் நெடி. நசுங்கிய பச்சிலை வாசம்.

வெண்ணிலாவுக்குப் பாதி பயம், பாதி ஆத்திரம்.

"நான் எழுதிக் குடுத்தேன் சதீசு! அப்பவே குடுத்தேன்!" என்று கத்தினாள். "என்னாண்ட இன்னாத்துக்கு வர்ற? அமுக்கி வெச்சானே, அவனாண்ட போய்க் கேளு!"

டிக் சத்தம் நின்றது.

மெஷின் ஒழுங்காக எழுந்தது. மூன்று பிராசஸர். நெடியும் போய்விட்டது. அவள் மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. வேலூரிலிருந்து புருஷோத்தமன்.

"ஏம்மா... வூட்டுக்கு யாரை அனுப்பின? கதவைத் தொறக்கவே இல்ல நானு... ஹால்ல வந்து நிக்கிறான்..."

பிறகு குரல் இல்லை. லைன் மட்டும் அறுபடவில்லை. சேற்றில் காலை இழுத்து இழுத்து யாரோ நடக்கிற சத்தம்... சளக்... சளக்...

அவர் வீடு மூன்றாவது மாடி. மார்பிள் தரை.

வெண்ணிலா போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.