கிணற்றில் விட்ட மீன்

எனக்குச் சின்ன மீனெல்லாம் ஒன்றுதான், ஐயா. அப்பா மதராஸிலிருந்து இந்தத் தீவுக்குக் கரும்புக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். இந்தத் தவுவா ஓடையில் விரல் நீளத்துக்கு எது நீந்தினாலும் அயிரை என்பார். நானும் அப்படியே சொல்லி வளர்ந்தேன்.

கிணற்றை நானும் தம்பி பல்ராமும் சேர்ந்துதான் வெட்டினோம். பாகம் பிரித்தபோது அது அவன் பக்கம் போயிற்று. அதன்பின் மழையில்லாத காலம் வந்தால் நான் வாளியோடு அவன் வாசலில் நிற்க வேண்டும். அவன் மனைவி பொன்னம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "எடுத்துக்குங்க மாமா, உங்க கெணறு மாதிரி நெனச்சிக்குங்க" என்பாள். மாதிரி. அந்தச் சொல்லை விழுங்கி விழுங்கி என் தொண்டை கசந்துவிட்டது.

அவர்கள் இல்லையென்றால் கிணறு மூத்தவனுக்குத்தானே வரும். கரும்பில் புல்லுக்கு அடிக்கும் விஷமருந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சாயங்காலம் அதைக் கிணற்றில் ஊற்றினேன். விடியுமுன் போய், செத்து மிதந்த மீன்களை அள்ளிவிட்டேன். பொன்னம்மா பார்த்தால் தண்ணீர் மொள்ள மாட்டாள். பல்ராம் காலையிலேயே விழுந்தான். நடக்கப் பழகிக்கொண்டிருந்த அவன் மகள் கம்லா மத்தியானம்வரை இருந்தாள். பொன்னம்மாவுக்கு அன்று விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அது நான் எதிர்பாராதது.

அவர்களை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வீடு காலியாக இருந்தது. கிணற்றை இறைத்துக் கழுவினேன். ஊற்று ஏறியதும் ஓடையில் வேட்டியை விரித்து அயிரை பிடித்து விட்டேன். கொசுப்புழுவைத் தின்னவும், தண்ணீர் நல்லது என்று காட்டவும்தானே இங்கே கிணற்றில் மீன் விடுகிறோம்.

நீங்கள் போலீஸ்காரர்களோடு விசாரிக்க வந்தபோது மீன் உயிரோடு இருந்தது. தண்ணீர் நல்லதென்றால் கோளாறு சோற்றில். சோறாக்கியவள் சாப்பிடவில்லை. அதை மட்டும்தான் நான் சொன்னேன், பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. யாரையும் கேட்காமல் தண்ணீர் மொண்டு என் மாடுகளுக்குக் காட்டினேன். ஆனந்தமாக இருந்தது.

நீங்கள் பொன்னம்மாவைக் கைதுசெய்து அழைத்துப்போகும்போது அவள் கிணற்றடியில் நின்றாள்.

"ஐயா, இது எங்க மீனு இல்ல. எங்க மீனு மேலயே மெதக்கும், வாயி மேல பாத்துனு இருக்கும். இது கல்லப் புடிச்சினு கெடக்குது. பக்கத்துத் தோட்டத்து ஹவ்வா குடுத்த மீனு அது, அவங்க கெணத்துல பாருங்க."

புருஷன் பிணம் ஆறவில்லை, மீன் பேசுகிறாள் பார் என்றேன் நான்.

நீங்கள்தான் ஹவ்வா வீட்டு மீனை வரவழைத்து, கண்ணாடிக் குடுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். அதற்கு முதுகில் ஒரே துடுப்பு, வட்ட வால், பெட்டைக்கு வயிற்றோரம் கறுத்த புள்ளி. நான் விட்டதற்கு முதுகில் இரண்டு துடுப்பு. அடிவயிற்றுத் துடுப்புகள் கிண்ணமாகச் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. இரண்டும் வேறு மீன், கிணற்று மீனை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. அப்பா கொஞ்சம் பார்த்துப் பெயர் சொல்லியிருக்கலாம்.

விஷம் ஊற்றியவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தண்ணீரைக் கம்லாவுக்குப் புகட்டியது பொன்னம்மாவின் கை. அதையும் எழுதுவதுதானே நியாயம்.