ஐந்து நாள் எனக்கு, பதினைந்து நாள் நிகோலாசாவுக்கு

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, ஐந்தாண்டு ஆய்வின் முடிவைச் சற்றுமுன் நமக்கு அறிவித்த மருத்துவர் ரெனான் அரமாயோ அவர்களே, கதிர் எந்திரத்தின் கீழ் படுத்திருந்த எங்கள் கையைப் பிடித்துக்கொண்ட செவிலியரே, மனைவியைப் புதைத்த பிறகும் இந்தச் சங்கத்தை மறவாமல் வரும் பெரியோர்களே, மேட்டு நிலத்திலிருந்து லா பாஸுக்குப் பேருந்தேறி, சால்வைக்கடியில் ஒற்றை மார்போடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, பௌலினா சோக்கேயின் பணிவான வணக்கம்.

மார்புப் புற்றுக்கு ஐந்து நாள் கதிர் வைத்தாலும் பதினைந்து நாள் வைத்தாலும் பலன் ஒன்றே என்றார் மருத்துவர். மண்டபம் அதிரக் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. நன்றி கெட்டவளா நான்? ஐந்தே நாளில் பிழைத்து, உங்கள் முன்னால் நிற்பவள் அல்லவா நான்? பிறகு ஏன் என் கை எழவில்லை? அதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம். பட்டகாமாயாவுக்கு அப்பாலுள்ள எங்கள் ஊரிலிருந்து ஒரே நோயோடு, ஒரே பேருந்தில் இரண்டு பேர் வந்தோம். ஒருத்தி நான். மற்றவள் என் பக்கத்து வயல்காரி நிகோலாசா டிக்கோனா. கணவனை இழந்தவள். மகன்கள் இருவரும் சாவோ பாவ்லோவில் தையல் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு அறுவை முடிந்து, கதிர் மட்டும் மிச்சம். வழக்கமான பதினைந்து நாளா, புதிதாய்ச் சோதிக்கும் ஐந்து நாளா? கணினி சீட்டுக் குலுக்கியது. ஐந்து எனக்கு. பதினைந்து நிகோலாசாவுக்கு.

ஜூன் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உறைபனி. உருளைக்கிழங்கை விரித்து, உறையவிட்டு, வெறுங்காலால் மிதித்துச் சாறு பிழிந்து சுன்யோ வற்றல் ஆக்குகிற நாட்கள். அந்தப் பனி போனால் சுன்யோ இல்லை. சுன்யோ இல்லையென்றால் ஆண்டு முழுக்க அடுப்பில் என்ன ஏற்றுவது?

"அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கு உன் மூஞ்சிதான் புடிச்சிருக்குடி" என்றாள் நிகோலாசா. "வெள்ளிக்கிழமை நீ ஊருக்குப் போயிடுவே. என் கிழங்கு என்னை ஏசிக்கிட்டுக் கெடக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போனேன். அதோ சிரிக்கிறார், அவருக்கு நினைவிருக்கிறது.

"டாக்டரய்யா, எங்க ஊர்ல நாளை மாத்திக்குவோம். அக்கா என் வயல்ல ஒரு நாள் நட்டா, நான் அவ வயல்ல ஒரு நாள் தோண்டுவேன். அய்னின்னு சொல்லுவோம். என் அஞ்சு நாளை அக்காவுக்குக் குடுத்துடுங்க. அவ பதினஞ்சு நாளும் நான் படுத்துக்கறேன்."

அன்று அவர் சிரிக்கவில்லை. "அவங்கவங்க உடம்பை அளந்து போட்ட கணக்கும்மா இது, மாத்த முடியாது. அஞ்சு நாள் போதுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எதுக்குச் சீட்டுக் குலுக்கறேன்?"

"கேட்டியா?" என்று என் தோளில் இடித்தாள் நிகோலாசா. "பதினஞ்சு நாள் போதும்னுதான் அவங்களுக்குத் தெரியுமாம். நல்ல சீட்டு எனக்குத்தான் விழுந்திருக்கு. வா, சூப்பு ஆறிடும்."

வெள்ளிக்கிழமை நான் ஊர் திரும்பினேன். ஓய்வெடு என்றார்கள். எடுத்தேனா? இல்லை. என் கிழங்கை விரித்தேன். நான்கு நாள் காலையில் மிதித்தேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நிகோலாசாவின் கிழங்கு குவியலாய்க் கிடந்தது. பார்த்தேன். நாளைக்கு என்றேன். மறுநாளும் பார்த்தேன், நாளைக்கு என்றேன். அடுத்த வாரக் கடைசியில் பேருந்திலிருந்து அவளே இறங்கி வந்தாள்.

"ஒம்போது நாள் படுத்தாச்சு. மிச்சம் ஆறையும் அவங்களே வச்சுக்கட்டும். பனி போயிடும்டி."

திரும்பிப் போ அக்கா என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. வெந்த தோலைச் சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் மிதித்தாள். நான் என் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் ஆண்டு நோய் எலும்பில் திரும்பியது. நான்காம் ஆண்டு அவளை மண்ணில் வைத்தோம். விட்டுப்போன அந்த ஆறு நாளால்தானா? யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆய்வுப் புத்தகத்தில் அவள் பெயர் கிடையாது. ‘இடையில் விலகியவர்’ என்று ஓர் எண் இருக்கிறது.

தாய்மார்களே, கேட்கக் கூடாததைக் கேட்டேன், செய்யக் கூடியதைச் செய்யாமல் விட்டேன். எந்திரத்தடியில் அவளுக்காக நான் படுக்க முடியாது. அவள் கிழங்கை அவளுக்காக நான் மிதித்திருக்க முடியும். என்ன சொல்கிறாய் தாயே, பின்வரிசையில்? நானும் நோயாளிதானே என்கிறாயா? என் கிழங்கை மிதித்தபோது நான் நோயாளியாக இல்லையே.

தலைவர் அவர்களே, எல்லோருக்கும் ஐந்து நாள் என்பது எந்த நாளிலிருந்து? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"கமிட்டி கூடணும்மா. ஆகஸ்டுக்குள்ள வந்துடும்."

ஆகஸ்டு. இது மே மாதம். அவர் மீது எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தாள் நகர வேண்டும், கையொப்பம் விழ வேண்டும். ஆனால் இந்த ஜூனில் பதினைந்து நாள் படுக்கப்போகும் பதினொரு பெண்கள் இதே மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஒன்பதாம் நாள் எத்தனை பேர் பேருந்து நிலையத்துக்கு ஓடப்போகிறீர்கள்? ஓட வேண்டாம். எழுந்து நில்லுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், வயல் எதுவென்று சொல்லுங்கள். சிகிச்சை முடித்துக் காலில் வலுவுள்ளவர்கள், இவர்கள் கிழங்கை மிதித்துக் கொடுக்கக் கை தூக்குங்கள். முதல் கை என்னுடையது.

நிகோலாசா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று ஐந்தாண்டுகளாய் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேளுங்கள். வாய் திறந்து கேளுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து நிற்கப்போகும் பதினொருவருக்கும் என் வணக்கம்.