லைன் மாறிப்போன நரம்பு

ஐயோ, வேணாம் தம்பி, கைக்குட்டையை நீங்களே வச்சுக்கோங்க. நான் அழல. நெசமாத்தான் சொல்றேன். வாயில பன்னைப் போட்டா இந்தக் கண்ணுல மட்டும் தண்ணி ஊத்தும், அவ்ளோதான். அந்தக் கண்ணைப் பாருங்க, காஞ்சு கெடக்கு.

காரமா? ஆஸ்பத்திரி கேன்டீன் பன்னுல எங்க தம்பி காரம், நீங்க வேற! இது நரம்புக் கோளாறு. காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள ஒரு கட்டி வந்துச்சு எனக்கு. அதை எடுக்கும்போது முகத்துக்குப் போற நரம்பும் கொஞ்சம் சேந்து போயிடுச்சு. பாதி மூஞ்சி தொங்கிப்போச்சு. நான் சிரிச்சா ஒரு பக்கம் சிரிக்கும், இன்னொரு பக்கம் எனக்கென்ன வந்துச்சுன்னு இருக்கும். கண்ணு மூடாது. தூங்கும்போது எங்க வீட்டுக்காரர்தான் மருந்து விட்டு, பிளாஸ்திரி ஒட்டி மூடிவிடுவாரு.

அப்புறம் அறுந்த ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு குழாய் வச்சாங்க. ஆமா, குழாய்தான். குட்டியூண்டு. உடம்பு ஏத்துக்கிற மாதிரி சாமான்ல செஞ்சதாம். பந்தல் போட்டா கொடி தானா ஏறிப்போகும்ல, அப்படி நரம்பு அதுக்குள்ளயே மொளைச்சு அந்தப் பக்கம் போய்ச் சேரணும். சேந்ததும் குழாய் கரைஞ்சிடும். எங்க வீட்டுக்காரர் பிளம்பர். ஊருக்கெல்லாம் நான் குழாய் மாட்டுறேன், என் பொண்டாட்டிக்கு நீங்க மாட்டிட்டீங்களேம்மான்னு ஆபரேஷன் பண்ணுன டாக்டரம்மாகிட்டயே சொல்றாரு!

மொளைச்சுது தம்பி. மாசக்கணக்கா ஒண்ணுமே இல்ல, திடீர்னு ஒருநாள் உதட்டோரம் லேசாத் துடிச்சுது. அவரு குதிச்ச குதி இருக்கே! அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சிரிப்பு வந்துச்சு, கண்ணு மூடுச்சு. ஆனா ஒரு கிளை மட்டும் வழி தவறிடுச்சு. வாயில எச்சி ஊற வைக்கிற நரம்பு, கண்ணீர் வர்ற எடத்துக்குப் போய்ச் சேந்துடுச்சாம். அவருக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு. சமையக்கட்டு லைனை பாத்ரூமுக்குக் குடுத்துட்டாங்கடின்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

ஊசி போட்டா நிக்கும்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். சொல்ல வெக்கமா இருக்கு. எதிர்ல உக்காந்து சாப்பிடுவாரா, என் கண்ணுல வழிய ஆரம்பிச்சா சாப்பாட்டைப் பாதில விட்டுட்டு, இடது கையை நீட்டித் தொடைச்சுவிடுவாரு. என் சமையல் அவ்ளோ மோசமாடின்னு கேப்பாரு. ஆமா, அவருதான் சமைப்பாரு. அதைப் போய் யாரு தம்பி ஊசி போட்டு நிறுத்துவா?

கொஞ்சம் எழுந்து இன்னொரு பன்னு வாங்கித் தர்றீங்களா? இல்ல, பசியெல்லாம் இல்ல.

அவரா? மேல, ரெண்டாவது மாடியில இருக்காரு. இப்ப விடமாட்டாங்க, தொடைச்சு, துணி சுத்திட்டிருக்காங்க. மத்தியானம் போயிட்டாரு தம்பி. நெஞ்சு வலிக்குதுன்னு தானா நடந்து வந்த மனுசன். நாத்தனார் தரையில உருண்டு அழுவுறா. மகன் செவுத்துல முட்டிக்கிட்டு அழுவுறான். நான் மட்டும் மரமா நிக்கிறேன். நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு, கண்ணுல ஒரு சொட்டு வரல. என்னைத் தூக்கிச் சுமந்த மனுசன், நான் ஒரு சொட்டுகூட விடாமயா அவரு போகணும்?

அதான் தம்பி, சாப்பிட வந்தேன்.