வீட்டுக் கஷாயம்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன் உத்திராபதி அண்ணே. குடியை விட்டவர்களுக்கு நாக்கு இனிப்புக் கேட்கும் என்று நீங்கள்தானே கூட்டத்தில் சொல்வீர்கள். பதினொரு வருஷமாகத் தொடாமல் இருக்கிற உங்களுக்கு இன்னும் கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆறுவதற்குள் குடியுங்கள்.

காலையில் அமிர்தம் அண்ணி வந்து அழுதுவிட்டுப் போனார்கள். நாலு நாளாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லையாம். சாராயக்கடைத் தெருமுனை வரை நடந்து போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறீர்களாம். நீங்கள் சந்தேகப்பட்டதால்தான் மரியமுத்து செத்தார் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்களாம். என் புருஷனை அடக்கம் செய்து இன்றோடு பதினாறு நாள். அவருக்காக நீங்கள் மறுபடி குடிக்க ஆரம்பித்தால் அண்ணி தாங்க மாட்டார்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும்.

என் மகள் ஜெசிந்தா செத்தது 2002 டிசம்பர் ஒன்பதாம் தேதி, ஒரு திங்கட்கிழமை. எட்டு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தாரே, அந்தச் சொல்தா ஐயா வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் போட நான் அன்றைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி இவரிடம் ஒப்படைத்தேன். மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து, சாயாமல் இருக்க ஒரு துண்டால் அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். மெல்லுவதற்கு அவருக்கு இரண்டு கிராம்பு கொடுத்தேன். டாக்டர் முன்னால் போய் நிற்கிறவர் வாய் மணக்க நிற்கட்டும் என்றுதான்.

போகிற வழியில் சாராயக்கடை. ஒரு நிமிஷம் என்று இறங்கியிருக்கிறார். பக்கத்தில் முகைதீன் பிச்சை பாயின் சோடாக்கடை பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. பிள்ளை பெஞ்சிலேயே சரிந்ததைப் பார்த்துப் பாய்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. என் கையில் அப்போது கேக் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். கை நடுங்கி, பாயிலேயே மூத்திரம் போய், சுவரில் பூச்சி ஊருகிறது என்று கத்தி, பன்னிரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். ஈரல் பாதி போய்விட்டது, இத்தோடு விட்டால் எழுபது வயது வரை இருக்கலாம், மறுபடி தொட்டால் ஆறு மாதத்துக்குக்கூட உத்தரவாதம் கிடையாது என்று டாக்டர் என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். நீங்கள் வந்து கூட்டத்துக்குக் கூட்டிப் போனீர்கள். படகு எஞ்சின் வேலைக்குத் திரும்பிப் போனார். சுனாமி வந்தபோது கிளிஞ்சல்மேட்டில் பிணம் தூக்கியவர்களுக்கெல்லாம் நாற்றம் தெரியாமல் இருக்கச் சாராயம் கொடுத்தார்கள். இவர் மூன்று நாளும் டீயைக் குடித்துக்கொண்டே தூக்கினார். ஊரெல்லாம் அதே பேச்சு. பெண்கள் தங்கள் புருஷன்மாரை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நான் டீ போட்டேன்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. குடியை விட்ட தேதியை நீங்கள் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறீர்கள். இவருடைய தேதி டிசம்பர் ஒன்பது. முதல் வருஷம் ஜெசிந்தாவுக்காகக் கோயிலில் சாயங்காலம் ஆறு மணிப் பூசைக்குப் பணம் கொடுத்திருந்தேன். உங்கள் கூட்டமும் ஆறு மணிக்குத்தான். வீட்டில் கேக் போடுகிறவள் இருக்கும்போது கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான்தான் போட்டேன். ரம் விடாமல் ஆரஞ்சுச் சாற்றில் பழத்தை ஊறவைத்து, மேலே ஒற்றை மெழுகுவத்தி வைத்துக் கொண்டுவந்தேன். எல்லாரும் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினீர்கள். பூசைக்கு நான் போக முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து பேசுவார். ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சு, எனக்கு மனப்பாடம். "எம் புள்ள செத்து எனக்கு உசுரு குடுத்தா" என்பார். நீங்கள் எல்லாரும் மறுபடி கைதட்டுவீர்கள். பிறகு நாற்காலியில் இருக்கிற என்னைக் காட்டி, "அவ என்னை நம்பித்தான் புள்ளையக் குடுத்துட்டுப் போனா. நான் குடிச்சிருந்தது அவளுக்குத் தெரியாது" என்பார். மண்டபத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒருமுறை என் காலைத் தொட வந்தாள். எனக்குக் கூசிப்போய்விட்டது.

2006-இல் நாலு மெழுகுவத்தி. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து பத்தாம் தேதி வைத்துக்கொள்ளலாமே, ஒரு நாள் தள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குப் பழக்கம்தான், சமாளித்திருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"தேதிய மாத்துனா பொய்யாயிடும் சகாயம். ஏற்கெனவே ஒனக்காக ஒரு பொய் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னிக்குக் காலையிலயே நான் குடிச்சிருந்தேன். ஒனக்குத் தெரியும். வாடை அடிக்கக் கூடாதுன்னு கிராம்பு குடுத்ததே நீதான். அத நான் எந்தக் கூட்டத்துலயும் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன்."

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் படுத்துத் தூங்கிவிட்டார். நான் சொல்லப்போகிற விஷயத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நீங்களாக முடிச்சுப் போடாதீர்கள். ஜனவரியில் அவருக்கு இருமல் வந்தது. அவ்வளவுதான்.

இருமல் மருந்திலேகூட அது கலந்திருக்கும், கடை மருந்தே வேண்டாம், வீட்டில் கஷாயம் வைத்துக் குடியுங்கள் என்று கூட்டத்தில் சொன்னது நீங்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதொடை இலை போட்டு வைத்தேன். அந்தக் காரத்துக்கும் கசப்புக்கும் அதில் என்ன விட்டாலும் நாக்குக்குத் தெரியாது. முதலில் நாட்டுமருந்துக் கடை அரிஷ்டம் இரண்டு ஸ்பூன். அரிஷ்டத்தில் போதை இருப்பது சொற்பம், பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். பிறகு சொல்தா ஐயா வீட்டில் கேக்குக்கு வாங்கி மிஞ்சிய ரம். ஒரு மாதம் ஒரு ஸ்பூன், அப்புறம் இரண்டு ஸ்பூன். சமையலில் எனக்கு எப்போதும் அளவு முக்கியம். கஷாயம் ஆறின பிறகுதான் கலப்பேன், சூட்டில் விட்டால் ஆவியாகப் போய்விடும். இருமல் நின்ற பிறகும், சளி கட்டாமல் இருக்கட்டும் என்று காலையும் சாயங்காலமும் கொடுத்துவந்தேன். அவரும் நல்ல பிள்ளையாக டம்ளரை மிச்சமில்லாமல் குடிப்பார்.

ஜூன் மாதவாக்கில் அவருக்குத் தூக்கம் போயிற்று. சட்டையைப் போடுவார், கழற்றுவார், வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சகாயம், எனக்குத் தாகம் திரும்ப வந்துருச்சு. நாலு வருஷமா இல்லாதது ஏன் வருதுன்னு தெரியலை" என்று சின்னப் பையன் மாதிரி அழுதார். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்படி அவர் என் மடியில் படுத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. மனதைத் தளரவிடாதீர்கள், உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே கஷாயம் கொடுத்தேன்.

அக்டோபரில் கூட்டத்தில் நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது உங்களுக்கு வாடை வந்தது. தொடவே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணினார். எல்லாக் குடிகாரர்களும் அப்படித்தான் பண்ணுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே பண்ணியவர்தானே. பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வாசலில் நின்று சொன்னீர்கள், எனக்கு உள்ளே கேட்டது. "தம்பி, அஞ்சு வருஷம்னு நான் மெழுகுவத்தி ஏத்த மாட்டேன். இன்னிக்குத்தான் மொத நாள்னு எழுந்து சொல்லு, நானே வந்து கட்டிப் புடிச்சுக்கிறேன்." அவர் உள்ளே வந்து, அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்கே தெரியாம நான் எங்கயோ தப்புப் பண்றேன் என்று சொன்னார். நீங்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு வந்த வாடை நிஜம்.

அந்த ஒன்பதாம் தேதி கேக் இல்லை, பாட்டும் இல்லை. இரண்டு பேருமாகப் பூசைக்குப் போனோம். கல்லறைக்குப் போய் ஜெசிந்தாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினோம். அவர் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஐந்து வருஷத்தில் என் பிள்ளைக்கென்று கிடைத்தது அந்த ஒரு நாள்தான். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து அவருக்கு வெறும் கஷாயம்தான் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு சொட்டு கலக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். கெட்ட எண்ணம் இருந்தால் எதற்காக நிறுத்தப்போகிறேன்.

ஜனவரியில் அவருக்கு முகம் தெளிய ஆரம்பித்தது. ஒரு புதன்கிழமை வேலையிலிருந்து வந்தவர் என்னை எதிரில் உட்கார வைத்தார். "மனசுல ஒண்ண மறைச்சு வச்சா ஒடம்பு அத விடாதுன்னு உத்திராபதி அண்ணன் சொல்றாரு. நான் மறைச்சு வச்சிருக்கிறது அந்த ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லிடுறேன் சகாயம். நீயும் வந்து எம் பக்கத்துல நில்லு. யாரும் ஒன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பாரம் எறங்கிடும்."

சரிங்க என்றேன். அன்று சாயங்காலம் நாலு ஸ்பூன் விட்டேன். மறுநாள் காலையில் ஆறு. வெள்ளிக்கிழமை அரை டம்ளருக்கு மேல் ரம்தான், கஷாயம் நிறத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்க முடியாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "கோவிச்சுக்காத சகாயம். இதுல எதுவும் கலக்குறியா?"

உங்களை வரச் சொன்னதே இதைச் சொல்வதற்காகத்தான் அண்ணே. அந்த நிமிஷம் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அடித்திருப்பார், வீட்டை விட்டுப் போயிருப்பார், ஆனால் குடித்திருக்க மாட்டார். நான் எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஜெசிந்தாவின் போட்டோவை எடுத்துவந்து, அதன் மேல் கையை வைத்துச் சொன்னேன். "ஒண்ணும் கலக்கலீங்க. நம்ம புள்ள மேல சத்தியம்."

குடித்த காலத்தில் நான் எதைச் சொன்னாலும் நம்பாமல் முதுகில் இரண்டு வைத்தவர், அன்றைக்கு நம்பினார். சந்தேகப்பட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "அப்ப இது எம் ஒடம்புலேர்ந்தே ஊறுது. இனிமே இது என்னை விடாது" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் காலி பண்ணினார். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு மணி நேரம் கழித்து முகைதீன் பிச்சை பாய் வந்து, அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார், வந்து கூட்டிப் போங்கம்மா என்று சொன்னார். அடுப்பில் உலை இருக்கிறது பாய் என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு ஒன்பது நாள் விடாமல் குடித்தார். பத்தாம் நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் நீங்கள்தான் கூட இருந்தீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அது உங்கள் சந்தேகத்தால் வந்த சாவு இல்லை. நான் செய்தது. போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாலும் சரி, கூட்டத்தில் எழுந்து சொன்னாலும் சரி, எனக்கு மறுப்பு கிடையாது. அரிஷ்டம், ரம், பொய்ச் சத்தியம், எல்லாவற்றையும் நான் சொன்ன வரிசையிலேயே சொல்லுங்கள். அண்ணியிடம் முதலில் சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். அந்தக் கிராம்பை வைத்து அவர் என்னைப் பற்றி உளறினாரே, அதை மட்டும் திருத்திவிடுங்கள் அண்ணே. அன்றைக்குக் காலையில் அவர் குடித்திருந்தது எனக்குத் தெரியாது.